பூதத்துக்கு ஒரு மெட்டு

பூதம் வந்த அடுத்த நொடி, அரசு லேப்டாப்பை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அரசு, சுவேதாவின் பக்கத்து வீட்டுப் பையன். ஆறு வயது. சுவேதாவின் அக்கா பூஜா, கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தாள். அதில் ஒரு மீனவச் சிறுமி படகேறி மாயக்காட்டுக்குள் போவாள். வழியில் ஒரு பூதம் வரும். அந்த இடத்துக்கு இசை அமைப்பது பூஜாவின் வேலை. திங்கட்கிழமை கல்லூரியில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். இன்று சனிக்கிழமை.

“டேய், அது நல்ல பூதம்டா! அந்தப் பொண்ணுக்கு வழி காட்டத்தான் வருது” என்றாள் பூஜா.

“நல்ல பூதம்னா ஏன் டம் டம்னு அடிச்சிக்கிட்டு வருது?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

முதல் மெட்டுக்கு அரசு கொட்டாவி விட்டான். இரண்டாவது மெட்டு கல்யாண ஊர்வலம் போல இருந்தது. இது மூன்றாவது.

பூஜா லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். “எனக்கு வரல. வேற யாரையாச்சும் பண்ணச் சொல்லிடறேன்.”

“அக்கா, மேளத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணிப் பாரேன்” என்றாள் சுவேதா.

“உனக்கு மியூசிக் பத்தி என்னடி தெரியும்? போ அந்தப் பக்கம்!”

சுவேதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் இரவு அக்கா சாப்பிடாமலே படுத்ததைப் பார்த்தபோது, கோபம் போய்க் கவலை வந்துவிட்டது. பயப்படுகிறவனையே கேட்டுப் பார்த்தால் என்ன?

காலையில் அரசுவைப் பிடித்தாள். “எதைப் பாத்து ஜாஸ்தி பயந்த? அதோட பல்லையா?”

“பல்லு இல்லக்கா. திடீர்னு வருது. யாருன்னே சொல்ல மாட்டேங்குது.”

சுவேதாவின் அப்பா சின்னையன் பிச்சாவரத்தில் படகு ஓட்டுபவர். அன்று சுற்றுலாக்காரர்கள் வருவதற்கு முன், புதுத் துடுப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பினார். இரண்டு பேரையும் கூடவே ஏற்றிக்கொண்டார்.

சுரபுன்னை மரங்கள் இருபுறமும் கவிந்த குறுகலான கால்வாய். உள்ளே இருட்டாக இருந்தது. அரசு, சுவேதாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஒரு திருப்பத்துக்கு முன்னால் அப்பா குரல் கொடுத்தார். “ஓ... ஓஓய்!”

மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “ஏ... ஏஏய்!”

“பக்கிரி மாமா வராரு” என்றார் அப்பா. “சத்தம் குடுக்கலன்னா ரெண்டு படகும் முட்டிக்கும்.”

அரசுவின் பிடி தளர்ந்ததை சுவேதா உணர்ந்தாள். திரும்பிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த திருப்பத்தில் அவனே கத்தினான். “ஓ... ஓஓய்!”

கரைக்கு வந்ததும் சுவேதா வீட்டுக்கு ஓடினாள். “அக்கா! பூதம் திடீர்னு வரக் கூடாது. முதல்ல தூரத்திலேருந்து கூப்பிடணும். அந்தப் பொண்ணு பதில் சொல்லணும். அப்புறம்தான் வரணும்!”

பூஜா மூடி வைத்த லேப்டாப்பைத் திறந்தாள். பிறகு கீபோர்டை எடுத்தாள். அடித்தொண்டையில் கூப்பிடுவது போல மூன்று சுரங்கள். அதற்குப் பதிலாகப் புல்லாங்குழல். நடுவே ஒற்றை மேளம்.

“மேளம் இன்னும் மெதுவா வரணும்க்கா. ஒவ்வொரு அடிக்கும் நடுவுல, துடுப்பு தண்ணிய விட்டு வெளிய வர்ற அளவு இடைவெளி விடு.”

சிறுமியின் பதில் குரலை சுவேதாவே பாடினாள். ரெக்கார்ட் செய்யும்போது இரண்டு முறை குக்கர் விசிலடித்தது.

“அம்மா! காட்டுல யாரும் சோறு ஆக்கல!” என்று கத்தினாள் பூஜா. பிறகு குரலைத் தாழ்த்தி, “நேத்து உன்ன சுள்ளுனு பேசிட்டேன்டி” என்றாள்.

“பரவால்ல. உன் பங்கு வறுத்த மீனை எனக்குக் குடுத்துடு.”

மாலையில் அரசு வந்தான். ஓடுவதற்கு வசதியாக, ஒரு காலை வாசல் பக்கம் நீட்டியபடி உட்கார்ந்தான்.

திரையில் காடு இருண்டது. தூரத்தில் பூதம் கூப்பிட்டது. குழலும் சுவேதாவின் குரலும் பதில் தந்தன. மரங்களை விலக்கிக்கொண்டு, மலை மாதிரிப் பூதம் வந்து நின்றது.

அரசு ஓடவில்லை. “இங்கதான் இருக்கேன்!” என்று திரையைப் பார்த்துச் சொன்னான்.

இசை தொடர்ந்தது. பூஜா கொஞ்ச நேரம் பொறுத்தாள். “சரிடா, பட்டனை அழுத்து. அடுத்த இடத்துக்குப் போகலாம்.”

“இரு அக்கா” என்றான் அரசு, கண்ணை எடுக்காமல். “அது இன்னும் பேசி முடிக்கல.”