வரம்பு: இரண்டு பேர்

திரையில் மூன்று என்று வந்தது. இரண்டு என்றல்லவா வர வேண்டும்?

கண்ணைக் கசக்கிக்கொண்டு கணினி நிரலை மறுபடி ஓட்டினாள். கதவுப் பூட்டு செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. முகத்தைப் பார்த்துத் திறக்கும் பூட்டு. வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் குடியிருப்போர் விவரம் வைக்கும் ஒரு தரவுத்தளம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு வேண்டாத விஷயம். அவளுடைய நிரல் தரவுத்தளத்திடம் அதன் அளவுகளைப் பற்றி மட்டுமே விசாரிக்கும்: உன்னிடம் எத்தனை அட்டவணை, ஒரு பெயர் எவ்வளவு நீளம் போகலாம், குடியிருப்போர் அதிகபட்சம் எத்தனை பேர். சோதித்துப் பார்க்கக் கைவசம் இருந்தது சொந்த வீட்டுப் பெட்டிதான், வேறு இடமில்லாமல் மகளின் அறைச் சுவரில் மாட்டியது. அந்த வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும். இரண்டு என்று பதிந்ததே அவள்தான்.

மறுபடியும் மூன்று.

வெளியே மழை விட்டபாடில்லை. மதியத்திலேயே கூடம் மங்கிப்போய், காயாத துணியும் தைலமும் கலந்த வாசம் சுவரோரமாக நகர்ந்து வர, நாலைந்து நாளாய்க் காய்ச்சலில் கிடக்கும் மகளின் அறையிலிருந்து கட்டில் கிரீச்சிடும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை தூக்கம் வராமல் புரளுகிறது, பாவம்.

அலுவலகத்தில் எல்லோரும் மீசை என்று கூப்பிடும் மூத்தவருக்குப் போன் போட்டாள்.

"சார், குடியிருப்போர் வரம்பை வெளியில இருந்து யாராவது ஏத்த முடியுமா?"

"சான்ஸே இல்லம்மா. வீட்டுக்குள்ள இருக்கறவங்க பெட்டி முன்னாடி நின்னு முகத்தைக் காட்டணும். ஏன், விருந்தாளி வந்துட்டாங்களா?" அவர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு நிரலில் இன்னொரு கேள்வியைச் சேர்த்தாள். வரம்பு எப்போது மாறியது?

இன்று. சற்று முன்பு.

கட்டில் சத்தம் நின்றிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மகள் தணிந்த குரலில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இல்ல, அம்மா வேலையா இருக்காங்க."

எழுந்து ஓடியிருக்கலாம். கால் எழவில்லை. கைதான் எழுந்தது, எத்தனையோ வருடப் பழக்கம். வரம்பை ஏற்றத்தான் முகம் காட்ட வேண்டும், குறைக்க அவள் நிரலே போதும்; குறைத்தால் அதிகப்படியான ஆளைத் தரவுத்தளமே நீக்கிவிடும். வந்தது எதுவானாலும் அந்தப் பெட்டி வழியாகத்தானே வந்தது, அந்த வழியாகவே போய்த் தொலையட்டும். இரண்டு என்று அடித்தாள்.

ஏற்றுக்கொண்டது.

உள்ளே பேச்சு பாதியில் அறுந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"கண்ணு?" என்று கூப்பிட்டாள். "யாரும்மா உங்கூட பேசினது?"

கட்டில்கூடக் கிரீச்சிடவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. யாரை நீக்க வேண்டும் என்ற விதியை எழுதியதும் அவள்தான். வீட்டைக் காலி செய்து போனவர்களைக் கழிப்பதற்காக, நெடுநாளாகப் பெட்டிக்கு முகம் காட்டாதவரை முதலில் நீக்கு என்று எழுதியிருந்தாள். சாமர்த்தியமான விதி என்று மீசைகூடப் பாராட்டினார்.

நாலைந்து நாளாய்ப் படுக்கையை விட்டு எழாத பிள்ளை.

முதல்முறையாகத் தரவுத்தளத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். யார் இருக்கிறார்கள்?

முதல் வரியில் அவள் பெயர். அடுத்த வரியில் பெயர் இல்லை.

பெயரின் நீளம்: பூஜ்யம்.

அறைக்கதவு மெல்லத் திறந்தது. உள்ளே கட்டில் காலியாக இருந்தது. சுவரில், தெரிந்த முகத்தைக் கண்டால் மட்டும் எரியும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா," என்றது மகளின் குரல்.

குனிந்து, நிலையில் தலை இடிக்காமல் அது வெளியே வந்தது. மகளின் மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டிருந்தது. ஸ்வெட்டரின் கை அதன் முழங்கை வரைகூட எட்டவில்லை.