வெள்ளத்தில் கிடந்த கார்

ஆறுமுகநேரியைத் தாண்டி உப்பளத்துச் சாலையில் முதல் வளைவைத் திருப்பும்போதே வேல்ராஜின் கைக்கு அது தட்டுப்பட்டது. ஸ்டீயரிங் கனத்தது. திரும்பாமல் இல்லை, மனமில்லாமல் திரும்பியது. காலையில் மாமியார் வீட்டுக்கு வரும்போது ஒற்றை விரலில் சுழன்ற ஸ்டீயரிங் அது.

பின்சீட்டில் அவன் மனைவி சரண்யாதேவி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். தாய் திருச்செந்தூர் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டால் நின்று யோசிக்காமல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மெயின் ரோட்டில் லாரி கவிழ்ந்து வண்டிகள் வரிசையாக நிற்பதாகக் கேள்விப்பட்டு, உப்பளத்து வழியாகப் போய் ஆற்றுப் பாலத்தில் ஏறிவிடலாம் என்று இந்தப் பக்கம் திருப்பியிருந்தான்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்து ஓய்ந்த பாத்திகளில் வானம் ஈயம் பூசினாற்போல் கிடக்க, தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல்கள் இரண்டு பக்கமும் ஆள் குந்தியிருப்பதுபோல் நகர்ந்துபோக, கண்ணாடி இடுக்கில் வந்த கடல் காற்றையும் மீறி வண்டிக்குள் வேறொரு வாடை எழுந்தது. ஆற்றுச் சேற்று வாடை. மிதியடி, மெத்தை, வயர் எல்லாம் பிடுங்கிப் போட்டு அவனே புதிதாக மாற்றிய வண்டி இது. வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த காரென்று தெரிந்தேதான் வாங்கினான். முத்தையாபுரத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவனுக்குத் துரு ஒரு பெரிய விஷயமா?

அடுத்த வளைவில் உடம்பையே சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. அதற்கடுத்த வளைவில் ஸ்டீயரிங் அசையவே இல்லை. வண்டி பாத்தி வரப்பை முட்டி நின்றது.

"என்னங்க, ஏன் நிறுத்துதீங்க?"

"ஒண்ணுமில்லளா. இந்தா போயிருவோம்."

இறங்கி முன்டயரை உதைத்துப் பார்த்தான். காற்று இருந்தது. பானெட்டைத் தூக்கினான். பவர் ஸ்டீயரிங் ஆயில் நிறைய இருந்தது, பெல்ட்டும் இறுக்கமாக ஓடியது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். லாரி கவிழ்ந்த இடத்தைச் சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். உள்ளே அவள் அழுத்தி முனகினாள்.

மிச்சம் ஒரே ஒரு இடம்தான். ஸ்டீயரிங் தண்டு கீழே போய்ச் சேருகிற மூட்டு. தண்ணீரில் கிடந்த வண்டியில் அது துருவேறி இறுகிப்போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, பெடலுக்கு அடியில் தலையை நுழைத்து, ஸ்பானர் போட்டுப் போல்ட்டைக் கழற்றி மூட்டைப் பிரித்தான். விரலால் ஆட்டிப் பார்த்தான். மூட்டு வழவழவென்று ஆடியது. துருவே இல்லை.

இப்போது ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சாவி போட்டேதான் இருந்தது, லாக்கும் விழவில்லை. குழந்தை தொட்டாலும் சுற்ற வேண்டும்.

எழுந்து பிடித்துத் திருப்பினான். அசையவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தான். ஒரு நூல் திரும்பியது. திரும்பிய அளவு மெல்லப் பின்னால் போனது. எதிர்ப்பக்கம் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. கையை எடுத்தான். உள்ளங்கை ஈரம். முகர்ந்தால் சேறு.

வண்டியை விற்றுக்கொடுத்த புரோக்கர் நேசக்குமாருக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, இந்த வண்டில யாரு கிடந்தா?"

"ஏலே, நீ எங்கன நிக்க?"

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வெள்ளத்தன்னைக்கு ஒருத்தரு பொண்டாட்டியப் பிரசவத்துக்குக் கூட்டப் போனாரு. அவ ஆத்துக்கு அந்தப் பக்கம் வலியோட காத்துக் கிடந்தா. தண்ணி வண்டியோட இழுத்துட்டுப் போயிட்டு. மீட்டப்ப ஸ்டீயரிங்கப் பிடிச்ச கை விடல. விரல் விரலாப் பிரிச்சித்தான் எடுத்தாவ. நீ மெக்கானிக்கு, இதெல்லாம் பாக்க மாட்டேன்னு நெனச்சிட்டேம்ல."

வேல்ராஜ் போனை வைத்தான். ஓடிவிடலாம். அவளை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

ஊர்க் கோயில் கொடையில் பார்த்திருக்கிறான். பேய் பிடித்தவர்களிடம் பெரியவர்கள் சண்டை போடமாட்டார்கள். மரியாதையாகக் கூப்பிட்டு, வீட்டுக் குறையைச் சொல்லி, இறங்கிப் போகும்படி கெஞ்சுவார்கள். அதுவும் மனுஷன்தானே, இரங்கும். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துக் கைகூப்பினான்.

"அண்ணாச்சி, எம் பொண்டாட்டிக்கு வலி கண்டுட்டு. பின்னால கிடந்து துடிக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும். கொஞ்சம் விட்டுக் குடுங்க."

ஸ்டீயரிங் தானாகவே ஒரு சுற்றுச் சுற்றி நேராக நின்றது. அவ்வளவு லேசாக.

வேல்ராஜ் அழுதேவிட்டான். மூட்டை மாட்டி, போல்ட்டை முறுக்கி, ரிவர்ஸ் எடுத்துக் கிளம்பினான். வண்டி பஞ்சாகப் பறந்தது. வளைவுகள் அவன் திருப்பும் முன்பே திரும்பின. தூரத்தில் பாலத்து விளக்குகள் தெரிந்தன.

"வந்துட்டோம் சரண்யா. பாலம் வந்துட்டு."

பாலத்துக்கு இடது பக்கம் ஏற வேண்டும். இடது பக்கம் ஒடித்தான்.

ஸ்டீயரிங் வலது பக்கம் போனது.

வெள்ளம் அரித்துக்கொண்டுபோன பழைய பாதை. நேரே ஆற்றுக்குள் இறங்கும் சரிவு. பிரேக்கை மிதித்தான். சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை. சரிவெல்லாம் சேறு.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

அவன் கைகளின் மேல் இரண்டு கைகள். வெளுத்து ஊறியவை. விரல் விரலாக முறிந்து கோணியவை. நல்ல இறுக்கம்.

"என்னங்க," என்றாள் சரண்யா, பின்னாலிருந்து. தண்ணீர் கதவடியில் சளசளத்தது.

வேல்ராஜ் வாயைத் திறந்தான். அவன் காதை ஒட்டி வேறொரு குரல் முந்திக்கொண்டது. ஆசையாக. அவசரமாக. மூச்சிரைக்க.

"வந்துட்டேம்ளா. பயப்படாத. வந்துட்டேன்."