ஜவுளிக்கடை வாசலில் ஒருத்தி

காத்தோங் வட்டாரத்தில் சிலோன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய வீட்டுக்குப் பிரிஜட் போய்ச் சேர்ந்தபோது, பட்டப்பகலிலேயே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் ஒற்றை விளக்கு. ஈரச் சுவரின் வாடை. தனியாக வாழும் பெரியவர் சேக் தாவூது கதவைத் திறந்துவிட்டுப் போய்ப் பிரம்பு சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு அது. டெலிபோன் கம்பி வழியாக டிவியில் எழுத்தும் படமும் வரவழைக்கும் புதுச் சேவையைப் பிரிஜட்டின் கம்பெனி சில வீடுகளுக்குச் சோதனையாகக் கொடுத்திருந்தது. பக்கங்களை வரைந்து பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்புவது அவள் வேலை. அனுப்பிய பக்கங்கள் வீடுகளில் தாறுமாறாகத் தெரிவதாக ஏற்கெனவே புகார்கள். இந்த வீட்டுக் கோளாறையும் தீர்க்காமல் திரும்பினால் வேலை நிரந்தரமாகாது என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"எந்தப் பக்கம் அங்கிள்?"

"ஜவுளிக்கடை."

சிராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றின் தீபாவளி விளம்பரம். சின்னச் சின்னக் கட்டங்களால் அவளே வரைந்தது. மேலே கடையின் பெயர், கீழே திறந்த வாசல், அவ்வளவுதான். பக்க எண்ணை அழுத்தினாள். படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது.

வாசலில் ஒரு பெண் நின்றாள்.

கறுப்புக் கட்டங்களால் ஆன உருவம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முகம் என்று ஒன்றும் இல்லை.

பிரிஜட் அங்கே யாரையும் வரையவில்லை.

அலுவலகத்துக்குப் பேச வேண்டுமானால் பக்கத்தை நிறுத்திவிட்டு அதே கம்பியில்தான் பேசியாக வேண்டும். பேசினாள்.

"இங்க கரெக்ட்டா இருக்கு லா," என்றான் கூட வேலை செய்யும் நூர்தீன். "வாசல் காலியாத்தான் இருக்கு. அந்த டிவி செட்டு பழைய காப்பியைப் பிடிச்சு வெச்சிருக்கும். மெமரியைக் கிளியர் பண்ணிப் பாரு."

பழைய காப்பியிலும் எந்தப் பெண்ணும் கிடையாதே. ரிசீவரை வைத்தாள்.

"அங்கிள், இந்தப் பொம்பள எப்பலேருந்து தெரியுது?"

"முதல் நாள்லேருந்து. அது கோளாறு இல்லம்மா." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "அது என் பொஞ்சாதி சம்சுன்னிசா. மவுத்தாகி ரெண்டு வருஷமாச்சு. தலையைச் சாய்ச்சு நிக்கிறதைப் பாத்தா எனக்குத் தெரியாதா? பக்கத்தைக் கூப்பிடக் கூப்பிடக் கிட்ட வந்துக்கிட்டே இருந்தா. ஒரு வாரமா அசையாம நிக்கிறா. அதத்தான் சரி பண்ணச் சொன்னேன்."

பிரிஜட்டுக்கு ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. ஆனால் வெறுங்கையோடு போய் மேலாளரிடம் என்னவென்று சொல்வது? பேய் என்றா? வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே செட்டை அணைத்தாள். கம்பியைப் பிடுங்கினாள். மெமரியை அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

படம் இறங்கியது. கடையின் பெயர். நிலைப்படி. வாசல்.

வாசல் காலி.

போன உயிர் திரும்பி வந்தது. வேலையும் தப்பியது. "சரியாயிடுச்சு அங்கிள். செட்டு பழைய படத்தையே காட்டிக்கிட்டு இருந்திருக்கு," என்று பையை எடுத்துக்கொண்டு கூடத்து வாசலுக்குப் போய், விடைபெறத் திரும்பினாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு வாரமாக அசையாமல் இருந்தது படம் மட்டும்தான். அந்த ஒரு வாரமும் படத்திலிருந்த பெண் நடந்துகொண்டே இருந்திருப்பாள்.

பெரியவர் டிவியைப் பார்க்கவில்லை. பிரிஜட்டின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கொஞ்சம் ஒதுங்குங்கம்மா," என்றார் மெதுவாக. "அவளுக்கு வழி விடுங்க."

ஒதுங்கினாள்.

சில்லென்று ஏதோ அவள் முழங்கையை உரசிக்கொண்டு உள்ளே போனது. அழுகிய பூவின் நாற்றம் குப்பென்று அடித்தது.

சேக் தாவூது நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"இது அவ இல்லையே," என்றார்.

அவர் பக்கத்தில், பிரம்பு சோபாவின் மெத்தை மெதுவாக அமுங்கியது.