வரிசை முடியும்வரை

மச்சான் நடந்தால் டைல்ஸில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு காலுக்கு மட்டும். இடது கால் பதியும்போது சாதாரண வெறுங்கால் சத்தம், வலது கால் பதியும்போது டிக். பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவன் முதலில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே மழை மூட்டம் கட்டி, மதியமே சாயங்காலம் மாதிரி இருண்டு, ஈரச் சுவரின் வாசனை அறை முழுக்க ஏறியிருந்தது; ஜன்னல் தகரத்தில் நீர் சொட்டுகிறது என்று நினைத்து விட்டுவிட்டான். ஆனால் சொட்டுகிற நீர் சமையலறை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு ஹாலுக்குத் திரும்பி வராது அல்லவா? எழுந்து போய்ப் பார்த்தான்.

மச்சான் சோபாவில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வலது குதிகாலில் ஒரு ஸ்க்ரூ ஏறியிருந்தது. சுவரில் ஏசி மாட்டுகிற நீளமான ஸ்க்ரூ. தலை மட்டும் வெளியே தெரிந்தது, நடந்து நடந்து தேய்ந்து பளபளவென்று. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"மச்சான், கால்ல என்னது?"

குனிந்து பார்த்தார். "அட, இது எப்ப ஏறுச்சு?" என்றபடி, சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பது போல அதை இழுத்தெடுத்து டீப்பாய் மேல் வைத்தார். "டூல் பையிலேருந்து விழுந்திருக்கும். உன் பொண்டாட்டிகிட்ட சொல்லித் தொலைக்காத மாப்ளே, ஊரைக் கூட்டிடுவா."

அவர் ஏசி மெக்கானிக். போன வாரம் ஒரு மூன்றாவது மாடிச் சுவரில் தொங்கிக்கொண்டு வேலை செய்தபோது பிடி கழன்று, நேராகச் சிமெண்ட் தரையில் விழுந்தார். விழுந்த மனிதர் எழுந்தார். சட்டையைத் தட்டிவிட்டு, "என் ஸ்பேனர் எங்கடா?" என்று கேட்டாராம். எக்ஸ்ரேயில் ஒரு கீறல் இல்லை. மறுபிறவி என்றார் டாக்டர். தங்கச்சிக்காரி, அதாவது அவன் மனைவி, அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி அண்ணனைக் கையோடு இங்கே கூட்டி வந்துவிட்டாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு, அவளுக்குத் தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, படிக்கவைத்து ஆளாக்கியவர் இந்த அண்ணன்தான். அதற்காகவே கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. அவருக்கு ஒன்று என்றால் அவள் தாங்கமாட்டாள். இது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அவன் மறுபடி வந்து உட்கார்ந்தான். ஆனால் கை வேலையில் ஓடவில்லை.

அவனுடைய வேலையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கேம் டெஸ்டர். கடைக்கு வராத விளையாட்டுகளை விளையாடி, எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். இப்போது கையில் இருப்பது ஊர் கட்டுகிற விளையாட்டு. அதில் சாண்ட்பாக்ஸ் மோட் என்று ஒன்று உண்டு: குழந்தைகளை மணலில் இறக்கிவிட்ட மாதிரி, உன் இஷ்டம். ஜெயிப்பது கிடையாது, தோற்பது கிடையாது, பசி, வலி, சாவு எதுவும் கிடையாது. வீடு கட்டலாம், இடிக்கலாம், மனிதர்களைத் தூக்கி எங்கேயும் போடலாம். நிஜமாகவே சாகவில்லையா என்று பார்ப்பதுதான் டெஸ்டரின் பாடு. அதற்காக ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு மாடியிலிருந்து தள்ளுவான், தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவான், கொளுத்துவான். பொம்மை எழுந்து சட்டையைத் தட்டிவிடும். திரும்பவும் தள்ளுவான். பொழுதெல்லாம் இதே பிழைப்பு.

அந்தப் பொம்மைக்கு அவன் மச்சானின் முகத்தை ஒட்டியிருந்தான்.

விளையாட்டுக்குத்தான், சத்தியமாக. "பொம்மை விளையாடுறதுக்குச் சம்பளமா? கொடுத்து வெச்சவன்யா நீ!" என்று வரும்போதெல்லாம் மச்சான் கிண்டல் பண்ணுவார். இவன் பதிலுக்குக் கல்யாண ஆல்பத்திலிருந்து அவர் போட்டோவை எடுத்துப் பொம்மைக்குப் போட்டுக் காட்டினான். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பிறகு முகத்தை மாற்ற அவனுக்குத் தோன்றவேயில்லை.

எழுந்து சட்டையைத் தட்டிவிட்டாராம்.

பொம்மை எழுவதும் அப்படித்தான். சே, என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே திரையில் ஊரைத் திறந்தான். பொம்மை ஒரு வீட்டுக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தது. மவுஸை அதன் தோளில் வைத்து, மெதுவாக, மிக மெதுவாகச் சுவர்ப்பக்கம் தள்ளினான்.

ஹாலில் தொம்மென்று ஒரு சத்தம்.

"ஒண்ணுமில்ல மாப்ளே! எந்திரிச்சேன், கால் தடுக்கிடுச்சு" என்றது மச்சானின் குரல்.

தற்செயல். தற்செயலாகத்தான் இருக்கும். அதை நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு முறை தள்ளிப் பார்க்கவேண்டியதாயிற்று. கை வேண்டாம் என்றது. தள்ளினான்.

தொம்.

இந்த முறை குரல் வரவில்லை. சிறிது நேரம் கழித்துத் துணியைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பட். பட். பொம்மையும் சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது.

மவுஸைச் சுட்டதுபோல விட்டான். முகத்தை மாற்றப் பார்த்தான். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் எடுக்கவில்லை. பொம்மையையே அழித்துவிடலாமா? விரல் டெலீட் மேல் போனது. அழித்தால் ஹாலில் என்ன நடக்கும்? விரலை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். பிறகு புரோகிராமர் பெண்ணுக்குப் போன் போட்டான்.

"உங்களுக்கே போன் பண்ணணும்னு இருந்தேன்" என்றாள் அவள் உற்சாகமாக. "சூப்பர் பக் ஒண்ணு புடிச்சிருக்கோம், நம்ம கோட்லயே தப்பு. சாண்ட்பாக்ஸ்ல பொம்மைக்கு அடியே படலைன்னு நினைச்சோம்ல? அப்படி இல்ல. அடி எல்லாமே பட்டிருக்கு. உள்ள இறங்காம வரிசையில நிக்குது, அவ்வளவுதான். ஒண்ணுவிடாம, பட்ட ஆர்டர்லயே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாண்ட்பாக்ஸை இன்னிக்கு எடுத்துடறோம். ஆறு மணிக்கு எல்லா ஊரும் வலி, சாவு எல்லாம் இருக்கற நார்மல் மோடுக்கு மாறிடும். வரிசையில நிக்கறது ஒவ்வொண்ணா இறங்கும். வலிக்கிற மாதிரி முகபாவம்கூட சேர்த்திருக்கோம், பாருங்க, தத்ரூபமா இருக்கும்."

"வேணாம். நிறுத்துங்க."

"ஏன்?"

"என் பொம்மை... முதல் அடியிலயே செத்துடுமே."

அவள் சிரித்தாள். "அதான் இன்னொரு பக். வரிசை முடியற வரைக்கும் சாகாது. எல்லாத்தையும் வாங்கி முடிச்சப்புறம்தான் சாகும். உங்க பொம்மை பாவம், நீங்க அதைப் படுத்தின பாட்டுக்கு நாள்கணக்கா ஓடும்!"

நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினான். அது சர்வர்லேருந்து ஏற்கெனவே போயாச்சு, யார் கையிலும் இல்லை, உடம்பு சரியில்லையா உங்களுக்கு என்று கேட்டாள். கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினான். திரை கறுத்தது, ஆனால் ஊர் இந்தப் பெட்டிக்குள்ளா இருக்கிறது? எங்கோ ஒரு சர்வரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

வாசற்கதவு திறந்தது. மருந்துக்கடை வேலை முடிந்து மனைவி வந்துவிட்டாள். குடையை உதறுகிற சத்தம், ஈரச் செருப்பின் ரப்பர் வாசனை, உடனே அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் கலாய்க்கிற சத்தம்.

"ஏண்ணா, எங்கயோ இடிச்சுக்கிட்ட மாதிரி நடக்கற? எங்க, முதுகைக் காட்டு."

"போடி பாப்பா, டாக்டரம்மா வந்துட்டா. வலிச்சாத்தானே காட்ட? எனக்கு ஒண்ணுமே வலிக்க மாட்டேங்குது, ஜாலியா இருக்கு."

அவன் ஹாலுக்கு வந்து கதவோரம் நின்றான். விளக்குப் போட்டிருந்தார்கள். மூவருடைய நிழலும் ஒரே சுவரில் விழுந்தது. அவளிடம் சொல்லிவிடவேண்டும். என்னவென்று சொல்வது? உன் அண்ணனைத் தினமும் நான்தான் தள்ளினேன் என்றா? அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக இப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள், போன உயிர் திரும்பி வந்ததில்.

"ஏங்க, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

மச்சான் எழுந்து நின்று, மருந்துக்கடை முதலாளி நடப்பது போல நடித்துக் காட்ட ஆரம்பித்தார். இரண்டடி நடந்தபோது சுவர்க் கடிகாரம் ஆறைக் காட்டியது. வாய் பாதியில் நின்றது.

விழுந்தார்.

நின்ற இடத்திலிருந்து விழுகிற விழுகை அல்ல. வெகு உயரத்திலிருந்து வருகிற உடம்பு எப்படி மோதுமோ அப்படி. காலடி டைல்ஸ் வெடித்தது. முறிகிற சத்தம். அதன்பிறகு, ஒரு வாரத்தில் முதல்முறையாக, வலி.

"அம்மா!" என்று அவர் அலறியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அண்ணா!"

அவள் ஓடுவதற்குள் எழுந்துவிட்டார். அவராக எழவில்லை. சட்டையைப் பிடித்து யாரோ தூக்கியதுபோல. ஒரு கால் உடைந்து பக்கவாட்டில் தொங்க, நின்றார். மறுபடி விழுந்தார். இது பக்கவாட்டில்.

அடுத்தது தலைகீழ். அவனுக்குத் தெரியும். முதல் நாள் அப்படித்தான் தள்ளினான். சோபாவிலிருந்து மெத்தைத் திண்டை உருவிக்கொண்டு ஓடி, வெறும் தரையில் போட்டான். மச்சானின் தலை நேராக அதன்மேல் வந்து இறங்கியது. பயனில்லை. கழுத்தில் சத்தம் கேட்டது.

அவள் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கதறிக்கொண்டிருந்தாள். இவன் மனதுக்குள் மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். எழுந்தார். விழுந்தார். எழுந்தார். விழுந்தார்.

நின்றது.

மாடி முடிந்தது. அடுத்து தொட்டி.

மச்சான் தரையில் கிடந்து மூச்சு வாங்கினார். "வலி போயிடுச்சுடா பாப்பா... போயிடுச்சு" என்றார். அவள் அவர் தலையை மடியில் தூக்கிக்கொண்டாள். இவன் குளியலறைக்கு ஓடித் துண்டைக் கொண்டுவந்து, அவரை ஒருக்களித்துப் புரட்டி, வாய்க்கு நேரே துண்டை விரித்தான். விரித்த பிறகுதான் தண்ணீர் வந்தது. வாயிலிருந்து, மூக்கிலிருந்து, பாசி வாசனையோடு, குபுகுபுவென்று. கண் பிதுங்கியது. கை காற்றில் எதையோ பிடிக்கத் துழாவியது. நின்றது. திரும்ப வந்தது. திரும்ப.

அவள் துண்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. நேரமில்லை. படுக்கையறையிலிருந்து கனமான போர்வையை இழுத்து, வாளித் தண்ணீரில் முக்கி, நீர் ஒழுக ஒழுக ஹாலுக்குத் தூக்கி வந்தான். தொட்டிச் சோதனை ஒரே நாள்தான். தீக்கு அவன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டிருந்தான்.

மச்சானுக்குத் தண்ணீர் நின்றிருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

"எதுக்குங்க போர்வையை நனைச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவன் போர்வையை விரித்துப் பிடித்தான். மச்சான்தான் கண்ணைத் திருப்பி அந்தப் போர்வையைப் பார்த்தார். அதிலிருந்து சொட்டுகிற நீரைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தை. எல்லாம் புரிந்துவிட்டது மனிதருக்கு. ஒரு வார்த்தை திட்டவில்லை. முறிந்த விரல்களால் தங்கையின் கையைத் தன் மேலிருந்து பிரிக்கப் பார்த்தார்.

"பாப்பா. தள்ளிப் போடா."

"மாட்டேன்."

"அண்ணன் சொல்றேன்ல. தள்ளிப் போ."

"உன்னை விட்டு எங்கண்ணா போவேன்?"

அவள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அவளுடைய கன்னத்துக்கும் அவருடைய காலருக்கும் நடுவிலிருந்து, மெல்லிய நூலாக, புகை வர ஆரம்பித்தது.