கூட்டக் குரல்

அந்த ஆள் திரும்பியிருக்கக் கூடாது.

பன்னிரண்டாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, பழுப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஆளுக்குப் படத்தில் பெயர் கிடையாது, வசனம் கிடையாது, முகம்கூடக் கிடையாது. கூட்டம் காட்டுவதற்காகப் பிடரி தெரிய உட்கார வைத்த எத்தனையோ பேரில் அவனும் ஒருத்தன். விமானம் முதல் தடவை குலுங்கியது, பெண்கள் அலறினார்கள், அந்த அலறலுக்கு நடுவே ஒரு பெண் "என்னங்க!" என்று கத்தினாள். உடனே அவன் தலை லேசாகத் திரும்பியது. ஒரு காது தெரிந்தது, கொஞ்சம் கன்னம் தெரிந்தது, பிறகு பழையபடி முன்னால் பார்த்துக்கொண்டது.

சோபாவில் காலை மடக்கிப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு அந்தப் படம் தலைகீழ்ப் பாடம். மூன்று வாரத்துக்கு முன்னால் தமிழில் டப்பிங் பேசியதே அவள்தான். விமானப் பணிப்பெண்ணுக்கு அவள் குரல். போதாதென்று, உள்ளே அலறுகிற அத்தனை பெண்களுக்கும் அவள் குரல். டிவிக்கென்று எடுத்த மலிவுப் படமாயிற்றே, எட்டுப் பேரை யார் கூப்பிடுவார்கள்? ஒருத்தியையே எட்டுத் தடவை கத்தவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். கூட்டக் குரல் என்று அதற்குப் பெயர். அந்தக் காட்சியை முப்பது தடவையாவது ஓடவிட்டிருப்பார்கள். முப்பது தடவையும் அந்தப் பிடரி அசையவில்லை.

"தூக்கக் கலக்கம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்று மணி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவைத் தாழ் போட்டு, திருட்டுக் காரியம் செய்கிறவள் மாதிரி டிவியைப் போட்டிருந்தாள். சூடேறிய திரைத்துணியின் தூசி வாசனையும், ஃப்ரிட்ஜின் முனகலும், மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தமும்தான் துணை. விமானம் விழுகிற படம் எங்கே ஓடினாலும் அவளுக்குப் பார்த்தாக வேண்டும். எப்பேர்ப்பட்ட படங்கள்! பஞ்சை ஊதிப் பறக்கவிட்ட மேகம், கயிற்றில் தொங்குகிற பொம்மை விமானம், எது நடந்தாலும் ஒரே சிவப்புப் பட்டனை அமுக்குகிற கேப்டன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும், மாட்டு டாக்டர் ஒருத்தர் எழுந்து வந்து விமானத்தை ஓட்டுவார். தொழில் தெரிந்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரப் பார்ப்பாள்.

சிரிப்புக்காகப் பார்க்கிறாள் என்று நினைத்தால் அது தப்பு. விமானம் கிளம்பும்போதே அவள் இரண்டு பேருக்கு சீட் பிடித்துக் கொடுத்துவிடுவாள். பதினோரு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு விட்டுப் போன புருஷனுக்கு ஒன்று. அவனைக் கூட்டிக்கொண்டு போன, தன் கூடப் பிறந்த தங்கச்சிக்கு ஒன்று. பிறகு சாய்ந்து உட்கார்ந்து, இறக்கை தீப்பிடிப்பதையும் கூரை பிய்த்துக்கொண்டு போவதையும் ஆசை தீரப் பார்ப்பாள். இரண்டு வருஷத்தில் அவர்களை எத்தனை தடவை கொன்றிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. படம் முடிந்ததும் வெட்கமாக இருக்கும். முகம் கழுவிக்கொண்டு டீ போடப் போவாள்.

இந்தப் படத்தில் மட்டும் ஒரு படி கூடுதலாகச் செய்துவிட்டாள்.

"அக்கா, ஒரு பொண்டாட்டி புருஷனைத் தேடிக் கத்தணும்," என்றார் ரெக்கார்டிங் இன்ஜினியர் அன்றைக்கு. "சும்மா ஏதாவது ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லையேப்பா."

"பின்ன எப்படித்தான் கூப்பிடுவீங்க?"

"என்னங்கன்னுதான்."

அவர் சிரித்தார். "அதுவும் நல்லாத்தான் இருக்கு. போடுங்க."

சாவுக் காட்சியில் சொந்த மனுஷரை மனதில் வைத்துக்கொண்டு கத்தக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். தொண்டை கட்டிக்கொள்ளும் என்பார்கள் சிலர், வேறு ஏதேதோ சொல்வார்கள் சிலர். அவளுக்கா தெரியாது? தெரிந்துதான் செய்தாள். அதற்கு முந்தின நாள் மகளோடு போனில் பேசும்போது, பின்னால் தங்கச்சி குரல் கேட்டது: "என்னங்க, பாலை ஆத்திட்டீங்களா?" தன் வாயில் கிடந்த வார்த்தை! புருஷனோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாளே! மைக் முன்னால் நின்று, அவர்கள் இரண்டு பேரையும் கண்ணுக்கு நேராக நிறுத்தி, வா, வந்து சாவு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே "என்னங்க!" என்று கத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"போதும்க்கா. கையெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

டிவியில் விமானம் மறுபடி குலுங்கியது. மேலே இருந்த பெட்டிகள் சரிந்தன. எட்டுக் குரலும் சேர்ந்து அலறின. "என்னங்க!"

இந்தத் தடவை அவன் முழுசாகத் திரும்பினான்.

அவன்தான். நெற்றியில் அந்த வழுக்கை, கூப்பிட்டால் எரிச்சலோடு பார்க்கும் அந்தப் பார்வை. பக்கத்தில் இருந்தவளும் திரும்பினாள். தங்கச்சி. இரண்டு பேரும் யார் கூப்பிட்டது என்று விமானத்துக்குள் தேடினார்கள்.

பயந்திருக்க வேண்டும். பயந்தாள்தான். ஆனால் அதற்கும் அடியிலிருந்து ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று பொங்கி வந்ததே, அதை அவளால் மறைக்க முடியவில்லை. யாரிடம் மறைப்பது, வீட்டில் யார் இருக்கிறார்கள்? டிவிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியில் மூக்கு இடிக்கிற தூரம். சூடான பிளாஸ்டிக் வாசனை அடித்தது.

"நல்லா வேணும்டி உனக்கு," என்றாள் வாய்விட்டு.

இன்ஜின் தீப்பிடித்தது. படத்தில் அது இன்னும் பத்து நிமிஷம் கழித்து வரவேண்டியது. பொம்மை நெருப்பில்லை, ஜன்னலுக்கு வெளியே எண்ணெய் எரிகிற கறுப்புப் புகை. தங்கச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சட்டென்று விளம்பரம் வந்தது. மெத்தையில் ஒரு குடும்பமே குதித்துக் குதித்துச் சிரித்தது.

அப்போதுதான் போன் சிணுங்கியது. சுண்டு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ஆறு வயசு மகள். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் சுண்டு. லீவுக்கு ஒரு மாசம் அப்பாவிடம் போயிருந்தாள். இன்று ராத்திரி பஸ்ஸில் கூட்டி வருவதாகப் பேச்சு. இவளுக்கு என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு ஜீவன்தான்.

"அம்மா, பஸ்ஸுல டிக்கெட் இல்லையாம்! ஃப்ளைட்டுல வர்றோம்! சித்தி நடுவுல, அப்பா அந்தப் பக்கம், ஜன்னல் சீட்டு எனக்குத்தான். போனை அணைக்கச் சொல்றாங்கம்மா. வெச்சிடறேன்."

அனுப்பிய நேரம் இரண்டு ஐம்பது. வந்து சேர்ந்ததுதான் இப்போது.

அவனைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. தங்கச்சியைக் கூப்பிட்டாள், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. அணைத்து வைக்கப்பட்டுள்ளது. டிவியில் சோப்பு நுரை பொங்கியது. ஒருத்தி துண்டை முகர்ந்து பார்த்து மகிழ்ந்தாள்.

படம் திரும்பி வந்தது.

தங்கச்சிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, சீட்டின் விளிம்புக்குக் கீழே, ஒரு சின்ன உச்சந்தலை.

ரிமோட்டை அமுக்கினாள். அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். ஒயர் கையோடு வந்தது, படம் ஓடியது. அவளுக்கு என்ன வரப்போகிறது என்று நொடிக் கணக்கில் தெரியும். விளக்கு அணையும். பன்னிரண்டாவது வரிசைக்கு மேலே கூரை கிழியும். அந்த வரிசை போய்விடும், மற்றவர்கள் பிழைப்பார்கள், மாட்டு டாக்டர் தரையிறக்குவார். அதற்கு இன்னும் மூன்று நிமிஷம்.

திரையில் பணிப்பெண் சுவரோரமாக வந்து மைக்கை எடுத்தாள். பழக்கதோஷம், இவள் உதடும் கூடவே அசைந்தது. "பயணிகளே, தயவுசெய்து அமைதியாக..." பாதியில் இவள் நிறுத்தினாள். பணிப்பெண்ணும் பாதியில் நின்றாள்.

இவள் வாயைத் திறந்தாள். அவளும் திறந்தாள்.

இத்தனை வருஷம் திரையில் அசையும் உதட்டுக்குப் பின்னால் ஓடி ஓடிக் குரல் கொடுத்தவள் அவள். இன்று உதடு அவளுக்காகக் காத்திருந்தது.

"பன்னிரண்டாவது வரிசை," என்றாள். பணிப்பெண்ணின் உதடு அச்சாகப் பொருந்தியது. விமானத்துக்குள் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது. மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். எல்லாரும் பின்னால் வாருங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்தது. அவன் தங்கச்சியின் தோளை அணைத்துப் பிடித்திருந்தான். அந்தக் கை. அதைப் பார்த்தாள்.

"குழந்தை மட்டும் பின்னால வா."

சொல்லிவிட்டாள்.

தங்கச்சி யோசிக்கவே இல்லை. சுண்டுவின் பெல்ட்டைக் கழற்றினாள், மடியைத் தாண்டித் தூக்கி நடைபாதையில் விட்டாள், நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். சுண்டு சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பதினைந்து. பதினெட்டு. இருபது. பணிப்பெண் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டாள்! சோபாக் காலைக் கட்டிக்கொண்டு இவள் விம்மினாள். போதும், சாமி. இது போதும். இனி அவர்கள் பாடு.

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூட்டம் அலறியது.

"என்னங்க!"

சுண்டு நின்றாள்.

திரும்பிப் பார்த்தாள். அம்மா குரல். முன்னாலிருந்து. பன்னிரண்டாவது வரிசைப் பக்கமிருந்து.

"இல்லடி! போகாதே!" பணிப்பெண்ணின் வாய் கத்தியது. அந்தக் குரலும் அம்மா குரல்தான். ஆனால் முகம் வேற்று முகம். சுண்டு அந்த முகத்தைப் பார்த்தாள். பயந்தாள். கையை உதறினாள்.

ஓடினாள்.

அலறல்கள் எட்டும் எட்டுப் பக்கமிருந்து கூப்பிட்டன. "ஐயோ!" அந்தப் பக்கம் பார்த்தாள். "காப்பாத்துங்க!" இந்தப் பக்கம் பார்த்தாள். எல்லாம் அம்மா. எங்கேயும் அம்மா இல்லை. பதினெட்டு. பதினைந்து.

தங்கச்சி பார்த்துவிட்டாள். பெல்ட்டைக் கழற்றினாள். அவன் மேல் விழுந்து, நடைபாதைக்குப் பாய்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். இன்னும் ஒரு முழம். பிடித்து, கீழே அமுக்கி, மேலே படுத்துக்கொள்வாள். தெரிந்தது. அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

என் பிள்ளையை. இவள்.

"அவளைத் தொடாதடி!"

யோசித்துச் சொன்னதில்லை. இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது, தானாக வந்தது. ஒலிபெருக்கி அதிர்ந்தது. தங்கச்சிக்கு அக்காவின் குரல் தெரியாதா? விறைத்துப்போனாள். நீட்டிய கை அப்படியே கீழே இறங்கியது.

விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கி செத்தது.

"பிடிச்சுக்கோடி! பிடி! அவளைப் பிடி!" திரையை அறைந்தாள். நகம் பெயர்ந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சுண்டு பன்னிரண்டாவது வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். சித்தி கையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அம்மா குரல் இப்போது மேலேயிருந்து வந்தது போலிருக்கிறது. சுண்டு அண்ணாந்து பார்த்தாள், சிரித்தாள், நுனிக்காலில் எம்பி, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள்.

அவள் தலைமுடி எழும்பியது. முதலில் நெற்றியோரத்து முடி. பிறகு இரண்டு பின்னலும், நேராக, கூரையைப் பார்த்து.