ஒத்தக் கோடு

காலையில் பொன்னுத்தாய் அடுப்படிக்கு வந்தபோது பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. மருமகள் சுகப்பிரியா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"பால் பொங்கிருச்சே தாயி..."

"பொங்கட்டும் அத்தே. இந்த வீட்டுல அதுக்கா பஞ்சம்!"

பொன்னுத்தாய் துணியை எடுத்து மேடையைத் துடைக்கக் குனிந்தாள். இடது அடிவயிற்றில் வலி பிடித்து இழுத்தது. மெல்ல நிமிர்ந்து, முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"மூடுனா மறைஞ்சிருமா?"

"என்னத்தத் தாயி..."

"மூணு மாசமா நீங்க தள்ளி உக்காரல. எனக்குக் கண்ணு இல்லையா அத்தே?"

அந்த வீட்டில் விலக்கான பெண் மூன்று நாள் பின்கட்டில் தனிப்பாயில் இருக்க வேண்டும். யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பாய் விரிந்தால் தெரியும். விரியாவிட்டால் அதுவும் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுகப்பிரியாவின் பாய் ஒரு மாதமும் தவறியதில்லை. பொன்னுத்தாயின் பாய் சித்திரையிலிருந்து சுருட்டியபடியே கிடந்தது.

"குழாயடியில கஸ்தூரி அக்கா கேக்குறாக, 'மருமகளுக்கு வாங்குன மாங்காய மாமியா தின்னுட்டாகளாமே'ன்னு. எல்லாரும் சிரிக்கிறாக. எனக்குக் கொடத்தத் தூக்க முடியல அத்தே..."

பொன்னுத்தாய் துணியைப் பிழிந்து மறுபடி மேடையைத் துடைத்தாள்.

"இல்லைன்னாவது சொல்லுங்களேன்!"

"எந்த வாயால சொல்லுவேன் தாயி..."

மாட்டுத்தீவனக் கடைச் சாவியோடு வாசலில் வந்து நின்ற காசிராஜன் மனைவியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். "கடைக்கு லோடு வருது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கினார். மகன் நவநீதகிருஷ்ணன் விடியும் முன்பே கடை வேலையாக வீரசோழன் ஊருக்குப் போயிருந்தான். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு கேவலமா என்று பொன்னுத்தாய்க்கும் இருந்தது. இரண்டு வாய் சோறு இறங்கினால் வயிறு நிறைந்துவிடுகிறது. அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது. நவநீதனைச் சுமந்தபோதும் இப்படித்தான் இருந்தது.

சுகப்பிரியா அறைக்குள் போய்ப் பையை எடுத்துச் சேலைகளைத் திணித்தாள். "நான் மல்லாங்கிணறுக்குப் போறேன், எங்கம்மா வீட்டுக்கு." அலமாரியின் அடியிலிருந்து இரண்டு சின்ன உறைகளை எடுத்தாள். ஒன்றைப் பையின் பக்கவாட்டில் செருகினாள். மற்றதை மாமியாரின் மடியில் போட்டாள்.

கர்ப்பம் பார்க்கும் அட்டை. மாதாமாதம் அவள் வாங்கி வைப்பது.

"பாத்துருங்க. ரெண்டு கோட்டையும் என் கண்ணால பாத்துட்டுப் போறேன்."

"இத எப்பிடிப் பாக்குறது?"

சுகப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

அட்டை ஜன்னல் விளிம்பில் கிடந்தது. ஒரு கோடு எழுந்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை. சுகப்பிரியா அட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மங்கலாகவாவது இன்னொரு கோடு இருக்கிறதா என்று இப்படிச் சாய்த்துப் பார்ப்பது அவளுக்குப் பழகிப்போனது.

"ஒத்தக் கோடுதான் அத்தே."

"அப்பாடா..." பொன்னுத்தாய் சுவரில் சாய்ந்தாள்.

சுகப்பிரியா சாயவில்லை.

"அப்ப வயித்துல இருக்கிறது என்ன?"

அவள் குனிந்து மாமியாரின் அடிவயிற்றில் கை வைத்தாள். திரண்டு, இறுகி, ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது.

"வலிக்குதா?"

"தை மாசத்துல இருந்தே வலிதான்."

"தை மாசமா! எனக்குப் புள்ள வேணும்னு மாசாமாசம் என்கூட மதுர ஆஸ்பத்திரிக்கு வந்தீகளே... அங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல!"

"எப்பிடிச் சொல்லுவேன்? ஒவ்வொரு தடவையும் ஒன் பையத் தூக்கிக்கிட்டு வெளிய உக்காந்திருப்பேன். நீ அந்தக் கதவத் தெறந்துக்கிட்டு வருவ பாரு, ஒரு மூஞ்சியோட... அந்த மூஞ்சிகிட்டப் போயி என் நோவச் சொல்லவா? தீட்டு நின்னப்புறம், நான் முழுகாம இருக்கேன் போலன்னு சொல்லவா? நீ ஒடைஞ்சு போயிருவியே தாயி. நோவுன்னா நோவு, என்னோட போகட்டும்னு இருந்துட்டேன்."

சுகப்பிரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்ன பேச்செல்லாம் பேசிட்டேன் அத்தே..."

"நீ பேசாம வேற யாரு பேசுவா. எந்திரி."

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றபோது சுகப்பிரியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பொன்னுத்தாய் தலையாட்டி மறுத்தாள். பஸ் ஏறுகிற பெண் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது, எல்லாம் பொட்டல்.

"குடிங்க. மூத்திரப்பை நெறஞ்சிருந்தாத்தான் வயித்து மேல வச்சுப் பாக்குற ஸ்கேனுல உள்ளது தெளிவாத் தெரியும்."

"குலுங்குற பஸ்ஸுல... கொல்லுறியே பாவி!"

"நான் எத்தன தடவ இப்பிடிக் குலுங்கியிருக்கேன். குடிங்க."

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். உள்ளே விரல் விட்டும் பார்த்தார். சிறுநீரை மறுபடி சோதித்துவிட்டு, "வீட்டுல பாத்தது சரிதான், கர்ப்பம் இல்ல" என்றார். பிறகு ஸ்கேன். வயிற்றில் பசை தடவிக் கருவியை உருட்டினார்கள். நிறைந்த மூத்திரப்பையின் மேல் அது அழுந்த, பொன்னுத்தாய் பல்லைக் கடித்தாள்.

"இப்பப் போயிட்டு வாங்க. அடுத்து உள்வழியாப் பாக்கணும், அதுக்குப் பை காலியா இருக்கணும்."

பொன்னுத்தாய் கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது வாசலில் சுகப்பிரியா மாமியாரின் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். பொன்னுத்தாய்க்கு அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது.

இரண்டாவது ஸ்கேனின்போது மருமகளின் கையை அவள் விடவில்லை.

"இடது சினைப்பையில நீர்க்கட்டி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "தேங்கா அளவு வளந்திருக்கு."

"கட்டின்னா... அந்த நோயா டாக்டரம்மா?"

"பயப்படாதீங்க. உள்ள வெறும் தண்ணிதான் தெரியுது. சுவரு மெல்லிசா, வழவழன்னு இருக்கு. சதை வளர்ச்சி எதுவும் இல்ல. இதெல்லாம் நல்ல அடையாளம். இந்த வயசுல தீட்டு நிக்கிறதும் உண்டுதான். ரத்தத்துலயும் ஒண்ணு பாத்துருவோம். அத மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண மாட்டோம். இவ்வளவு பெருசா இருக்கிறதால எடுத்துரணும். எடுத்துச் சோதிச்சாத்தான் முழுசா உறுதி. இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே, ஏன் வரல?"

பொன்னுத்தாய் மருமகளைப் பார்த்தாள்.

"எனக்காக" என்றாள் சுகப்பிரியா. சொல்லிவிட்டு, டாக்டரம்மா இருக்கிறார் என்றும் பாராமல் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ச்சீ, இதென்ன... வயிறு அமுங்குது தாயி" என்றாள் பொன்னுத்தாய். ஆனால் அவளும் விடவில்லை.

ரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை. மதுரையில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். கஸ்தூரி கேள்விப்பட்டு முட்டையும் பழமுமாக வந்தாள். "நான் ஒரு வெளயாட்டுக்கு..." என்று இழுத்தாள். "மாங்கா கொண்டு வரலையா அக்கா?" என்று சுகப்பிரியா கேட்டாள். கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மதுரைக்குப் போகிற நாள், மல்லாங்கிணறுக்குக் கட்டிய பையிலிருந்து சுகப்பிரியா தன் சேலைகளை எடுத்து வெளியே வைத்தாள். மாமியாரின் பழைய நூல் சேலைகளை மடித்து உள்ளே அடுக்கினாள்.

"அம்மா வீட்டுக்குப் போகலையா தாயி?"

"போகணும். நீங்க தேறி வாங்க, ரெண்டு பேருமாப் போவோம்."

பையின் பக்கவாட்டிலிருந்து அந்த மற்ற உறை கீழே விழுந்தது. சுகப்பிரியா அதைக் கசக்கப் போனாள். பொன்னுத்தாய் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அலமாரியைத் திறந்து, மருமகளின் கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்தாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.