வாசற்படிக் கல்

செவ்வாயில் செம்பள்ளத்துக் குடியிருப்பில் பொழுது விடிந்தால் பெண்களுக்கு முதல் வேலை, விண்ணுடுப்பை மாட்டிக்கொண்டு காற்றடைப்புக் கதவுக்கு வெளியே கல் பாவிய வாசலில் கோலம் போடுவதுதான். அரிசிமாவுக்கு அங்கே பஞ்சம். கோழிக்கூண்டில் மிஞ்சிய முட்டையோட்டை இடித்து, ஒரு சிட்டிகை மாவைக் கலந்து இழுத்துவிடுவார்கள்.

அன்றைக்குக் கோமளவல்லிக்குப் புள்ளி பிசகிப்போயிற்று. நினைப்பெல்லாம் வேலையில் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் கல் சோதிப்பது அவள் வேலை. இதுவரை சோதித்ததெல்லாம் வெறும் எரிமலைக் கல். உருப்படியாக ஒன்றும் அகப்படாவிட்டால் குடியிருப்பையே மூடிவிடுவதாகப் பூமியிலிருந்து தாக்கல் வந்திருந்தது. நாத்தனார் முத்துநாச்சியோ ஏழு மாதக் கர்ப்பிணி. ராக்கெட்டில் ஏற்றினால் பிள்ளை தங்குமா?

"மதினி, நீங்க நடக்கிற நடையில தரை தேயுது. செத்த உக்காருங்க" என்றாள் முத்துநாச்சி.

"இன்னிக்காவது ஒரு கல்லு தேறுதான்னு பாக்கணும்டி" என்று சொல்லிக்கொண்டே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள்.

அங்கே சோதினி இயந்திரம் புதுக் கல் ஒன்றைப் பொறுக்கி வந்திருந்தது. அமிலம் ஒரு சொட்டு விட்டது. கல் நுரைத்துப் பொங்கியது.

"சுண்ணாம்பு" என்றது சோதினி. அயோடின் ஒரு சொட்டு விட்டதும் கல் கருநீலமாயிற்று. "மாவுச்சத்து! அம்மா, இங்க உயிர் இருந்திருக்கு!"

கோமளவல்லி கல்லைத் திருப்பினாள். பிசகிய புள்ளி, அதைச் சுற்றி வளைந்த இழை. அவள் கையேதான்.

"எங்கேடா எடுத்த இத?"

"நம்ம வாசல்ல. தூரமாப் போனா எனக்கு மின்கலம் தாங்காதும்மா."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். முத்துநாச்சியின் வயிறு கண்முன் வந்து நின்றது.

"சரி, பூமிக்கு அனுப்பு."

பொழுது சாய்வதற்குள் பதில் வந்துவிட்டது: 'உயிர்த் தடயம் உள்ள இடம் காக்கப்பட வேண்டியது. மனிதக் காலடி பட்டால் கெட்டுவிடும். அனைவரும் உடனே காலி செய்யவும்.'

கோமளவல்லி திரைமுன் போய் நின்று கத்தினாள். "ஐயா, அது தடயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் போட்ட கோலம்யா! முட்டையோடும் அரிசிமாவும்!"

அந்தச் சொல் பூமிக்குப் போய், மறுசொல் வந்து சேரும்வரை கூடத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தாள். கடைசியில் அதிகாரியின் முகம் தெரிந்தது. இரக்கத்தோடு சிரித்தார்.

"ஏரிக்கரையோ மலையடிவாரமோ, காலி பண்ணச் சொன்னா எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. 'இது எங்க வாசல், நாங்கதான் இங்க இருந்தோம்'னு."

கிளம்பும் அன்று காலையிலும் வாசலைச் சும்மா விட அவளுக்கு மனம் வரவில்லை. குனிந்து இழை இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் சோதினி அமிலக் குப்பியோடு மண்டியிட்டது.

"அம்மா, இங்கயும் உயிர் இருந்திருக்கும்மா!"